மூடினாலும் தூங்காது

வேண்டாம், மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் கரூர் தாண்டுவதற்குள் யாராவது அதன் தலையில் ஒரு மூட்டையை வைத்துவிடுவார்கள். லேப்டாப். பழசுதான். கோயம்புத்தூரில் நல்ல ரிப்பேர் கடை இருக்கிறதாம், காட்டிக்கொண்டு வரலாம் என்று எடுத்துப் போகிறேன்.

நீங்களும் கோயம்புத்தூரா? அப்படியானால் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துணை. நான் தூங்கிவிட்டால் எழுப்பிவிடுங்கள். தூங்கமாட்டேன், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

திருச்சியில் கடையே இல்லையா என்று பார்க்கிறீர்கள். ஏன் இல்லை? மெயின்கார்டு கேட் பக்கம் தடுக்கி விழுந்தால் லேப்டாப் கடைதான். ஷகிலா பானு என்று ஒரு பெண், மாடியில் கடை வைத்திருக்கிறாள். வாய் ஜாஸ்தி, கை சுத்தம். இதுவரை அவள்தான் பார்த்தாள். ஆனால் இப்போது வந்திருக்கும் கோளாறு அவள் கையாலேயே வந்தது. செய்தவளிடமே கொண்டுபோய் நீ செய்தது சரியில்லை என்று சொன்னால் மனசு கஷ்டப்படாதா? அதனால்தான் கோயம்புத்தூர். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

முதலில் இது திறக்கவே மாட்டேன் என்றது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி மூச்சு வாங்கும். மெதுவாக வெளிச்சம் வரும். பாஸ்வேர்டு கேட்கும். சரி என்று வசதியாக உட்கார்ந்து, கையை வைத்து, அடிக்க ஆரம்பிப்பேன். கறுப்பு. மறுபடி அழுத்தினால் மறுபடி மூச்சு, மறுபடி வெளிச்சம், மறுபடி கறுப்பு. சில நாள் திறந்துவிடும். அவசரத்தில் நின்றபடியே ஒற்றை விரலால் அடித்தால் திறக்கும். நிதானமாக உட்கார்ந்தால் திறக்காது. என்ன குணம் பாருங்கள்.

இது என் லேப்டாப் இல்லை. ரோசலினுடைய மகள் ஜெனிட்டா காலேஜில் படிக்கும்போது வைத்திருந்தது. ரோசலின் என்றால், நானும் அவளும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஆபரேட்டர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் செய்துகொண்டாள், அவர் சீக்கிரம் போய்விட்டார். ரிட்டயர் ஆன பிறகு பாலக்கரையில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. காலையில் அவள் வீட்டுக் குக்கர் விசில் கேட்டால் நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். எனக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை.

போன ஆடியில் ஜெனிட்டாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. ரோசலினும் கிளம்பிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? சொன்னாள். கேட்கவில்லை. சொல்வது வேறு, கேட்பது வேறு இல்லையா? சாமானெல்லாம் டெம்போவில் ஏறிக்கொண்டிருக்கிறது, அப்போது வந்து சொல்கிறாள்: "அங்க எங்க வீட்டுக்கு மேல ஒரு போர்ஷன் காலியா இருக்குடி வேதா. நீயும் வந்துடேன்." டெம்போவில் இடம் மிச்சமிருந்தால் ஏற்றிக்கொள்கிற பாத்திரமா நான்? யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

போகும்போது இந்த லேப்டாப்பைக் கொடுத்தாள். "போன்ல முகம் சின்னதாத் தெரியும், உனக்குக் கண்ணு பத்தாது. இதுல பேசு." கூடவே ஒரு வளையலை என் இடது கையில் மாட்டிவிட்டாள். யாரோ ஓட்டலில் கூட்டம் போட்டு விற்றது. மூட்டுவலிக்கு நல்லது, பிரஷருக்கு நல்லது என்று சொல்லி ஜோடியாக வாங்கியிருக்கிறாள், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "கழட்டாதே. குளிக்கும்போதும் கழட்டாதே. அப்பதான் பலன்." நான் அதற்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை. சொன்னாளே என்று போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் கூப்பிடுவாள். அதற்குள் நான் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, இதைத் திறக்கிற போராட்டத்தை ஆரம்பித்திருப்பேன். திறந்துவிட்டால் அவள் முகம் வரும். நெற்றி மட்டும் வரும், அல்லது தாடை மட்டும் வரும், அவளுக்குச் சரியாக வைக்கத் தெரியாது. பேசுவோம். அங்கே தண்ணீர் நல்ல ருசி, முருங்கைக்காய் நம் ஊர் மாதிரி இல்லை, இப்படி. இந்த லேப்டாப்பில் சத்தம் ரொம்பக் குறைவு. முக்கியமாக ஏதாவது சொல்கிறாள் என்றால் நான் இன்னும் கிட்டே போவேன். இடது கையை இதன்மேல் ஊன்றிக்கொண்டு காதைக் கொடுப்பேன். அந்த நேரம் பார்த்து அணைந்துவிடும்.

ஒரு ஞாயிறு, "அந்த மாடி வீடு இன்னும்..." என்று ஆரம்பித்தாள். கறுப்பு. அடுத்த ஞாயிறு, "நான் என்ன நெனைக்கிறேன்னா வேதா, நாம ரெண்டு பேரும்..." கறுப்பு. அதற்கடுத்த வாரம் அவள் குரல் தாழ்ந்து வரும்போதே எனக்குப் பயம். கேட்காவிட்டால் என்ன சொன்னாள் என்று தெரியாது. கேட்கப் போனால் அணையும்.

அவள் போனில் கூப்பிட்டாள். "ஏண்டி, நான் அந்தப் பேச்சை எடுத்தாலே கட் பண்றே? பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிடு."

"நான் கட் பண்ணலை. தானா அணையுது."

"ஆமா, தானா. முருங்கைக்காய் பத்திப் பேசுறப்பல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதைப் பேசுனா மட்டும் தானா அணையுது. யார்கிட்டடி கதை விடுறே?"

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் பேச்சுக்கு நடுவே லைனை எடுக்கிற ஆளா என்று அவளுக்குத் தெரியாதா? "நம்பிக்கை இல்லேன்னா கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டேன். அவள் கூப்பிடவில்லை. சொன்னால் சொன்னபடி கேட்கிற பிறவியா அவள்? ஒருநாளும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டாள்.

நானே போனில் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். எப்படி? சண்டை போட்டது போனில். அதே போனில் கூப்பிட்டால் நான் இறங்கி வந்ததாக ஆகும். லேப்டாப் என்றால் அப்படியில்லை. அது கெட்டுப்போயிருந்தது, இப்போது சரியாகிவிட்டது, சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கூப்பிட்டேன். அவ்வளவுதான். யாரும் இறங்க வேண்டியதில்லை. அதனால் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

ரோசலின் இருந்த எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஆள் கம்ப்யூட்டர் தெரிந்தவர். "மேடம், பேட்டரியைக் கழட்டிட்டு பொத்தானை அழுத்திப் பிடிங்க, மிச்சக் கரண்டு வடியட்டும்" என்றார். வடியவிட்டேன். "அந்த பிளக்குல போடாதீங்க, இந்த பிளக்குல போடுங்க" என்றார். போட்டேன். கடைசியில் "பழசாயிடுச்சு மேடம், எதுக்குமே ஒரு காலம் உண்டு" என்றார். யாரைச் சொன்னாரோ. அவர் வீட்டுக் குக்கரும் விசில் அடிக்கிறது. ஆனால் நேரம் காலம் இல்லாமல் அடிக்கிறது.

அப்புறம்தான் ஷகிலாவிடம் போனேன். பொத்தானை அழுத்தினாள். திறந்தது. பாஸ்வேர்டைக் கேட்டு அவளே அடித்தாள். போயிற்று உள்ளே. எதிரே ஒரு படம் வரும், மலையும் ஏரியுமாக, அதுவரைக்கும் போயிற்று.

"நல்லாத்தானே இருக்கு டீச்சரம்மா?"

நான் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டு, கொண்டை போட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் டீச்சர்தான். சொல்லி அலுத்துவிட்டது. சரி, வந்ததற்கு ஒரு வேலை என்று அடியில் திறந்து, உள்ளே இருந்த பச்சைத் தகட்டை எடுத்து, அதன் பல்லைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்தாள். தூசி தட்டினாள். மூடினாள். திறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கறுப்பு.

மறுபடி போனேன். கடையில் நல்ல பிள்ளை மாதிரி திறந்தது. மறுபடி வீடு. மறுபடி கறுப்பு. இப்படிப் போவதும் வருவதுமாக இருந்தேன். அந்தக் கடையில் ஒரு பெஞ்சு உண்டு. ஷகிலா டீ வாங்கித் தருவாள். "என்ன டீச்சரம்மா, உங்க வீட்டுச் சோறு பிடிக்காம அடம் புடிக்குதா?" என்பாள். அந்தப் போக்குவரத்து எனக்கு ஒன்றும் சிரமமாக இல்லை. மாடிப்படிதான் கொஞ்சம்.

ஒருநாள் அவளுக்கே சலித்துவிட்டது. "வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே இங்க போட்டுக் காட்டுங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள். உட்கார்ந்தேன். அழுத்தினேன். கையை வைத்தேன். கறுப்பு. அவள் வந்து தொட்டால் திறக்கிறது. நான் தொட்டால் அணைகிறது. கடையில் இருந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். யாரோ மெதுவாக, "கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

என் கையையா? எக்ஸ்சேஞ்சில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? கைராசிக்காரி. வெளியூருக்கு டிரங்கால் கிடைக்காமல் தவிக்கிறவர்கள், "வேதவல்லி மேடம் இருக்காங்களா, அவங்க போட்டா கிடைக்கும்" என்று கேட்டு வாங்குவார்கள். பம்பாய், டெல்லி, மழை பெய்து பாதி லைன் செத்துப்போன நாளில் தூத்துக்குடி, எதுவானாலும் சரி. பிரசவத்துக்குப் போன பெண்டாட்டி பிழைத்தாளா என்று கேட்க வந்தவனுக்கும் இந்தக் கைதான் போட்டுக்கொடுத்தது. அந்தக் கையை நான் அன்றைக்கு முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஷகிலா மறுபடி இதைக் குப்புறப் போட்டுத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். கடுகு கடுகாக இருக்கும் அந்தத் திருகாணிகள். ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தாள். டீ வந்தது. நான் டீயை எடுக்க இரண்டு கையையும் நீட்டினேன். மூடியிலிருந்து திருகாணிகள் துள்ளி வந்து என் இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டன.

ஷகிலா சிரித்தாள் பாருங்கள், கீழே தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். "அல்லாவே! டீச்சரம்மா, காந்தத்தை மாட்டிக்கிட்டா திரியுறீங்க?"

பிறகு விளக்கிச் சொன்னாள். "மூடியில ஒரு காந்தம் இருக்கும்மா. மூடினா அது கீழ வரும். காந்தம் கிட்ட வந்துச்சா, சரி, மூடியாச்சுன்னு இது தூங்கிடும். உங்க வளையல்லயும் காந்தம். நீங்க கைய வெச்சா மூடிட்டாங்கன்னு நெனச்சுக்குது. மிஷின் மேல தப்பே இல்ல."

நான் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். முகத்துக்கு நேரே. கிட்டே வேறு போகிறேன். அது மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறது.

"வளையலைக் கழட்டி வெச்சுட்டுப் பேசுங்க, முடிஞ்சுது" என்றாள். முடியாது என்றேன். ஏன் என்றாள். போட்டவள் கழற்றாதே என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். "யாரு, டாக்டரா?" இல்லை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டீச்சரம்மா என்று கூப்பிடாமல், "சரிம்மா, இருக்கட்டும்" என்றாள். எதையோ மாற்றிவைத்தாள். "இனிமே காந்தம் கிட்ட வந்தாலும் இது கண்டுக்காது. ஏமாறாது. ஆனா ஒண்ணு, நெசமாவே மூடினாலும் தூங்காது. பேசி முடிச்சா நீங்கதான் ஞாபகமா கட் பண்ணணும். மூடிட்டோமே, அணைஞ்சிருக்கும்னு நெனச்சுடாதீங்க."

நல்லது என்று வந்துவிட்டேன். மனிதர்கள் சொல்வதில் பாதிதான் காதில் விழுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். சரியாகிவிட்டதா என்று பார்க்கத்தான். அவள் முகம் வந்தது, இந்தத் தடவை முழுசாக. ஜெனிட்டா சரிசெய்து வைத்திருப்பாள்.

"சாப்டியாடி?" என்றாள். சண்டை போட்ட மாதிரியே இல்லை.

"லேப்டாப் சரியாயிடுச்சு. உன் வளையல்தான் காரணம்" என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அடிப் பாவி, அதை இன்னுமா போட்டிருக்கே? நான் ஊறல் எடுக்குதுன்னு வந்த வாரமே கழட்டிப் போட்டுட்டேன்."

அவள் கையைப் பார்த்தேன். இல்லைதான். சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? வளையல்தானே.

அப்புறம் அவள் குரல் தாழ்ந்தது. நான் கிட்டே போனேன். கையை ஊன்றினேன். அணையவில்லை. முதல் தடவையாக அணையவில்லை. அவள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "வேதா, மாடி வீட்டுக்கு வேற ஆளுங்க வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. வீட்டுக்காரர்கிட்ட அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். இனிமே என்னால கேக்க முடியாதுடி. வரியா? இல்லையா?"

கேட்டுவிட்டாள் பாருங்கள். சொல்லவில்லை, கேட்டாள்.

எனக்கு அடுப்பில் பருப்பு இருந்தது. இருந்ததாகத்தான் ஞாபகம். "அடுப்புல வேலை இருக்கு, வெச்சுடறேன்" என்று சொல்லி இதைப் பட்டென்று மூடிவிட்டேன். மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மூடின பெட்டிக்குள்ளிருந்து பேச்சு வருகிறது.

"கட் பண்ணிட்டாங்களா மம்மி?" ஜெனிட்டா. "விடுங்க. எத்தனை தடவைதான் கேப்பீங்க? வேதா ஆன்ட்டிக்கு வர இஷ்டமில்ல. அது ஏன் உங்களுக்குப் புரிய மாட்டேங்குது?"

"கட் ஆகலை. லைன் இருக்கு."

"படமே இல்ல, இருட்டா இருக்கு."

"படம் இல்லேன்னா என்ன? லைன் இருக்குடி. எனக்குத் தெரியாதா?"

எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேச்சைக் கேட்பது பெரிய குற்றம். சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். ரோசலின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற ஓசை. மூச்சு. பிறகு அவள் குரல், ரொம்பக் கிட்டத்தில்.

"ஸ்பீக்கிங்?"

உங்களுக்குத் தெரியாது, நீங்கள் சின்னவர். அந்தக் காலத்தில் டிரங்காலில் பேசுகிறவர்கள் முடித்துவிட்டார்களா, இன்னும் இருக்கிறார்களா என்று சந்தேகம் வந்தால் நாங்கள் நடுவில் புகுந்து அப்படித்தான் கேட்போம். "ஸ்பீக்கிங்?" உடனே அவர்கள் பதறுவார்கள், "ஸ்பீக்கிங், ஸ்பீக்கிங், கட் பண்ணாதீங்க!" என்று. பதில் வரவில்லை என்றால் மறுபடி ஒருதரம் கேட்டுவிட்டு லைனை எடுத்துவிடுவோம். அதுதான் விதி. யார் பேரிலும் கோபம் கிடையாது.

மறுபடி கேட்டாள். "ஸ்பீக்கிங்?" முதலில் கேட்டது ரோசலின். இரண்டாவது கேட்டது ஆபரேட்டர்.

நான் ஏன் பதில் சொல்லவில்லை என்கிறீர்களா? மூடிய பெட்டியைப் பார்த்து எப்படி அம்மா பேசுவது? திறந்து பேசலாம் என்றுதான் கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி முகத்தில்தான் இருந்தது. இருந்தும் எதுவும் சரியாகத் தெரியவில்லை. அதற்குள் லைனை எடுத்துவிட்டாள்.

இதுதான் கோளாறு. மூடினாலும் தூங்குவதில்லை. வீட்டில் இது மூடியபடியே விழித்துக்கொண்டிருக்கிறது, விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது, நானும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். இதை இப்படியே விட முடியாது இல்லையா? அதனால்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கோயம்புத்தூரில் பெரிய பெரிய கடையெல்லாம் இருக்கிறதாம். ரோசலினிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நான் கடைக்குப் போகிறேன். அவள் வீடு ஒண்டிப்புதூரில், சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவாம், கீழ் வீடு, பச்சை கேட். அது எனக்கு எதற்கு?

என்ன சொன்னீர்கள்?

ஞாயிற்றுக்கிழமையா? ரிப்பேர் கடை ஒன்றும் திறந்திருக்காதா?

ஆமாம் இல்லையா. எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். திறந்திருக்காது. ஒன்றிரண்டுகூடத் திறந்திருக்காது என்கிறீர்கள். அப்படியானால் இன்றைக்குக் காட்ட முடியாது. நாளைக்குத்தான். நாளைக்கும் கூட்டமாக இருந்தால் அதற்கு மறுநாள். அதுவரைக்கும் எங்கேயாவது தங்கித்தான் ஆகவேண்டும். காலடியில் இந்தப் பையில் நாலு புடவையை எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று.

ரோசலின் வீட்டில்தான். வேறு எங்கே போவது? அந்த ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும், நீங்களே சொல்லுங்கள்.